எந்த நரம்பு, எத்தனை பவுண்ட்? இறகுப்பந்து ராக்கெட்டுக்கு ஸ்டிரிங் தேர்வு

ராக்கெட்டைக் கடை மேசையில் வைத்ததும் இரண்டு கேள்விகள் வரும். என்ன நரம்பு? எத்தனை பவுண்ட்? முதல் கேள்விக்குப் பலர் கூட ஆடுபவர் போட்டிருக்கும் நரம்பின் பெயரைச் சொல்கிறார்கள். இரண்டாவதற்கு, டென்ஷன் (பவுண்டில் அளக்கும் நரம்பின் இறுக்கம்) கூடினால் ஸ்மாஷும் வேகமாகும் என்று நம்பி, ‘இருபத்தாறு போடுங்க’ என்கிறார்கள். இரண்டாவது விடைதான் ஆட்டத்தை அதிகம் கெடுக்கிறது. டென்ஷன் தப்பாகப் போனால் எவ்வளவு விலை உயர்ந்த நரம்பும் காப்பாற்றாது. டென்ஷன் சரியாக இருந்தால் யோனெக்ஸ் நிறுவனத்தின் சாதாரண பிஜி 65 நரம்பு கூட நன்றாக ஆடும். அதனால் கடைக்காரர் கேட்கும் வரிசையைத் திருப்பிப்போட்டு, முதலில் பவுண்டை முடிவு செய்து, பிறகு நரம்புக்குப் போவோம்.

வாரம் இரண்டு மூன்று நாள் மாலையில் இரட்டையர் ஆடும் ஒருவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். தமிழ்நாட்டு உள்ளரங்குகளில் பெரும்பாலும் இவர்கள்தான் ஆடுகிறார்கள். மாநில அளவில் ஆடும் இளைஞருக்கும் பத்து வயதுக் குழந்தைக்கும் எங்கே வேறுபடுகிறது என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

டென்ஷன் கூடினால் என்ன நடக்கிறது

தளர்ந்த கயிற்றுக் கட்டிலில் விழுந்தால் அமுங்கித் தூக்கிவிடும். இறுக்கிக் கட்டிய கட்டில் முதுகைத் திருப்பி அடிக்கும். ராக்கெட்டிலும் இதே கதைதான். ஷட்டிலின் எடை 4.74 கிராமுக்கும் 5.50 கிராமுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சிறு எடை நரம்பில் மோதும்போது, ஆற்றலின் ஒரு பங்கு நரம்பை அமுக்குகிறது, இன்னொரு பங்கு ஷட்டிலின் கார்க்கை அமுக்குகிறது. நரம்பு வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும். கார்க் அப்படித் தராது. நரம்பு இறுக இறுக, அமுங்கும் வேலை கார்க் பக்கம் போகிறது, ஆற்றல் அங்கே வீணாகிறது. அதனால்தான் அதே கைவீச்சுக்கு 22 பவுண்டில் பின்கோடு வரை போன கிளியர் (உயரமாகத் தூக்கிப் பின்னுக்கு அடிப்பது), 27 பவுண்டில் முக்கால் தூரத்தில் எதிராளிக்கு ஸ்மாஷ் அடிக்க வாகாக விழுகிறது.

அப்படியானால் வீரர்கள் ஏன் 28, 30 என்று போடுகிறார்கள்? அவர்களுடைய வீச்சு வேகத்தில் தளர்ந்த நரம்பு ஆழமாக உள்வாங்கும். உள்வாங்கும் அந்த நேரத்தில் ராக்கெட் முகம் சற்றே திரும்பினாலும் ஷட்டில் போகும் திசை சிதறும். இறுக்கமான நரம்பில் தொடுநேரம் குறைவு, திசை சொன்னபடி கேட்கும், நெட் அருகே தொடுவதும் தெளிவாகக் கையில் தெரியும். அதாவது அவர்களிடம் வேகம் ஏற்கெனவே இருக்கிறது, டென்ஷனைக் கூட்டித் துல்லியத்தை வாங்குகிறார்கள். 2023 ஏப்ரலில் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஜப்பானில் அடித்த மணிக்கு 565 கிலோமீட்டர் ஸ்மாஷ் கின்னஸ் பதிவாயிற்று. அந்த வேகம் தோள், முன்கை, விரல்கள் மூன்றும் ஒரே கணத்தில் சேர்ந்து கொடுத்தது. நரம்பு அதைக் கடத்திவிட்டது, அவ்வளவுதான்.

டென்ஷனைக் கூட்டும்போது இன்னொன்றும் நடக்கிறது: நன்றாகப் பாயும் நடுப்பகுதி சுருங்குகிறது. 22இல் ஓரமாகப் பட்டாலும் ஷட்டில் ஓரளவு போய்விடும். 27இல் ஒரு விரல் அகலம் தவறினாலும் ‘டொக்’ என்று செத்து விழும். இரட்டையரில் ஸ்மாஷைத் தடுக்கும்போது நேரம் கிடைப்பதில்லை, பாதி அடிகள் நடுவில் படுவதும் இல்லை. அந்த அடிகளுக்குத்தான் கொஞ்சம் தளர்ந்த நரம்பு கைகொடுக்கிறது.

உங்கள் பவுண்டைக் கண்டுபிடிப்பது

முதல் எல்லை பிரேமில் அச்சாகியிருக்கும் எண். கைப்பிடிக்கு மேலே உள்ள கூம்பிலோ ஷாஃப்டிலோ (தண்டிலோ) ‘20–28 எல்பிஎஸ்’ (பவுண்ட்) என்பதுபோல் இருக்கும். ஒரே மாடலிலும் எடைக்கு ஏற்ப இது மாறும். யோனெக்ஸ் ஆஸ்ட்ராக்ஸ் 88டி ப்ரோவில் 4யூ (எடை குறைந்தது) என்றால் 20–28, 3யூ (சற்றுக் கனமானது) என்றால் 21–29. தொடக்க நிலை ராக்கெட்டுகளில் மேல் எல்லை 24 அளவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. இந்த எல்லையை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ராக்கெட்டில் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும் 22 நேர் நரம்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 24 பவுண்டில் இழுத்தால், 85 கிராம்கூட இல்லாத ஒரு பிரேமை அவை மேலும் கீழுமாக ஏறத்தாழ 240 கிலோ விசையில் நசுக்குகின்றன. 28 என்றால் 280 கிலோ. இரட்டையரில் கூட்டாளியின் ராக்கெட்டோடு மோதி மயிரிழை விரிசல் விழுந்த பிரேம், 24இல் இன்னும் சில மாதம் ஓடும். 28இல் அடுத்த முறை இழுக்கும்போதே நரம்பு போடும் மெஷினில் மடங்கும். மூன்று நான்கு வருடம் ஆடிய ராக்கெட்டுக்கு அச்சிட்ட எல்லையிலிருந்து 2 பவுண்ட் குறைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது எல்லை உங்கள் கை. அதை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. கோர்ட்டின் நீளம் 13.4 மீட்டர். இரட்டையர் சர்வீஸின் பின்கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே 76 செ.மீ. பட்டை ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கப் பின்கோட்டருகே நின்று, முழுபலம் போடாமல், ஆட்டத்தில் அடிப்பதுபோலவே 20 கிளியர் அடியுங்கள். உடல் சூடேறியபின் ஒரு முறை, கடைசி கேம் முடிந்து களைத்தபின் ஒரு முறை. களைத்தபின்னும் 15 ஷட்டிலாவது அந்தப் பட்டையிலோ அதற்கு ஓரடி முன்னோ விழுந்தால், டென்ஷனை 1 பவுண்ட் கூட்டிப்பார்க்கலாம். முதல் சுற்றில் விழுந்து இரண்டாவது சுற்றில் பாதிக் கோர்ட்டில் நின்றுவிட்டால் இப்போதுள்ளதே உங்கள் உச்சம். முதல் சுற்றிலேயே குறைந்தால் 2 பவுண்ட் இறக்குங்கள். அடித்த ஷட்டில்கள் அடிக்கடி கடைசிக் கோட்டைத் தாண்டிப் போகின்றன, கையை அடக்கியே ஆட வேண்டியிருக்கிறது என்றால்தான் கூட்டுவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது.

எண்ணாகக் கேட்பவர்களுக்கு: புதிதாகக் கற்பவருக்கு 19 முதல் 21. பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு 18 போதும். அப்பாவின் ராக்கெட்டை அப்பாவின் பவுண்டோடு கொடுப்பதால் குழந்தைகள் தோளால் தள்ளி அடிக்கப் பழகிவிடுகிறார்கள், பிறகு திருத்துவது கடினம். வாரம் மூன்று நாள் ஆடும் பெரியவருக்கு 22 முதல் 24. ஸ்மாஷும் பேக்ஹேண்ட் கிளியரும் நம்பகமாக வருபவருக்கு 24 முதல் 26. மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குத் தினமும் பயிற்சி எடுப்பவர் 26 முதல் 28. அதற்கு மேலே போவது, அறுந்தால் உடனே எடுக்க இன்னொரு ராக்கெட்டைப் பையில் வைத்திருப்பவருக்குத்தான்.

சில கடைகளில் கிலோவில் கேட்பார்கள். 10 கிலோ என்பது 22 பவுண்ட், 11 கிலோ 24க்குச் சற்று மேல், 12 கிலோ 26.5. இதில் குழம்பி, 12 கிலோவை 24 என்று நினைத்துப் போட்டுக்கொண்டவர்கள் உண்டு.

நைலான் ஷட்டிலில் ஆடுகிறவர்கள் மேலே சொன்னதில் 1 அல்லது 2 பவுண்ட் குறைத்துக்கொள்ளுங்கள். நைலான் பாவாடை இறகைப்போல் சட்டென்று நிமிராது, மோதும்போது கைக்கு வரும் அதிர்வும் கரடாக இருக்கும். விறைப்பான ஷாஃப்ட் உள்ள ராக்கெட்டுக்கும் இதே யோசனைதான்: விறைப்பான ஷாஃப்ட், இறுகிய நரம்பு, நைலான் ஷட்டில் மூன்றும் சேர்ந்தால் முழங்கையின் வெளிப்பக்கம் சீக்கிரமே வலிக்கத் தொடங்கும். ஏற்கெனவே வலி இருப்பவர் 21, 22க்கு இறங்கி, சற்றுத் தடித்த நரம்பு போட்டு ஆடட்டும். வலி தொடர்ந்தால் அது நரம்பால் தீரும் விஷயம் அல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது நரம்பு

நரம்புகள் ஏறக்குறைய எல்லாமே பல நுண்ணிழைகளைத் திரித்து மேலே பூச்சுப் பூசிய நைலான் வகை. வேறுபாடு தடிமனிலும் நடுவிழையிலும் பூச்சிலும் இருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது தடிமன். 0.70 மி.மீ. தடித்தது, 0.68 நடுத்தரம், 0.66உம் அதற்குக் கீழும் மெல்லியது. மெல்லிய நரம்பு எளிதில் நீண்டு வேகமாகத் திரும்பும், ‘பளீர்’ என்ற ஓசை தரும், ஷட்டிலின் கார்க்கைக் கவ்வவும் செய்யும். சீக்கிரம் அறும் என்பதுதான் அதன் விலை. 0.05 மி.மீ. அற்ப வித்தியாசமாகத் தெரியலாம். ஆனால் 0.70இலிருந்து 0.65க்கு வந்தால் குறுக்குவெட்டுப் பரப்பு 14 சதவீதம் குறைகிறது. தேய்வதற்கு அவ்வளவு குறைவான சரக்குத்தான் இருக்கிறது.

பிஜி 65 (0.70) பல காலமாக எல்லாக் கடையிலும் இருக்கும் நரம்பு. விலை இவற்றில் குறைவு, எளிதில் அறாது, தொடுதல் மென்மையாக இருக்கும், கைக்கு அதிர்வு குறைவு. புதிதாக ஆடுபவருக்கும், மாதத்துக்கு ஒருமுறை நரம்பு மாற்ற வசதியில்லாத மாணவருக்கும் யோசிக்காமல் சொல்லலாம். இதன் குறை வேறு எங்கும் இல்லை, அறாமல் இருப்பதிலேயே இருக்கிறது. மூன்று மாதத்தில் இழுவை தளர்ந்து உயிரற்றுப் போன பிறகும் அறாது. ‘இன்னும் நல்லாத்தானே இருக்கு’ என்று ஒரு வருடம் அதிலேயே ஆடுகிறார்கள். அப்படி ஆடுபவர் கடைசியில் 24 போட்ட ராக்கெட்டில் 18, 19இல் ஆடிக்கொண்டிருப்பார். பிஜி 65 டைட்டானியம் அதே தடிமன்தான், தொடுதல் சற்றே விறைப்பு. அறாத தன்மை தரும் பிஜி 65க்கே எங்கள் ஓட்டு.

பிஜி 80 (0.68) விறைப்பான நரம்பு. ஸ்மாஷில் கெட்டியாக, கூர்மையாகப் பாயும். திசையும் நன்றாகக் கேட்கும். ஆனால் வீச்சு வேகம் இல்லாத கைக்குப் பலகையில் அடிப்பதுபோலத் தோன்றும். பிஜி 65இலிருந்து இதற்கு மாறும்போது அதே பவுண்டைப் போட்டால் ஒரு பவுண்ட் கூடியதுபோலவே இருக்கும். அதனால் 24இல் ஆடியவர் 23இல் தொடங்குவது சரி. முழங்கை வலிக்காரர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பிஜி 66 அல்டிமேக்ஸ் (0.65) ஓசையாலேயே பலரை மயக்கும். புதிதாகப் போட்ட முதல் சில நாட்கள் டிரைவும் (நெட்டை ஒட்டித் தட்டையாக அடிப்பது) தடுப்பும் அவ்வளவு சுகம். நெட் அருகே சுண்டுவதற்கும் நல்லது. அந்தச் சுகம் நீடிப்பதில்லை. புதுமை சீக்கிரம் தணியும், ஓரத்தில் தவறாகப் பட்ட ஒரே அடியில் மேற்பக்கம் அறும். நடுவில் அடிக்கப் பழகாதவர் இதைப் போட்டால் செலவு தாங்காது.

எக்ஸ்போல்ட் 65 (0.65) இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்கிறது. மெல்லியதன் வேகமும் ஓசையும் இருக்கின்றன, ஆனால் அல்டிமேக்ஸை விட நீடித்து உழைக்கிறது. விலை கூடுதல். நடுநிலை ஆட்டக்காரர் தரத்தில் ஒரு படி ஏறவேண்டும் என்று நினைத்தால், எங்கள் கணிப்பில், இன்று செலவழிக்கத் தகுந்தது இதுதான். இதன் 68 வகை இன்னும் கொஞ்சம் உழைக்கும், 63 வகை தேர்ந்த கைக்கு.

ஏரோபைட் தனி ரகம். நேர் நரம்பு 0.67, குறுக்கு நரம்பு 0.61, இரண்டும் வேறு வேறு. சொரசொரப்பான மேற்பூச்சு கார்க்கைப் பிடிப்பதால் ஸ்லைஸ் டிராப்பிலும் (சீவியடித்து நெட்டுக்கு அருகே விழவிடுவது) நெட்டில் சுழற்றித் தொடுவதிலும் வித்தியாசம் உண்மையிலேயே தெரியும். ஒற்றையர் ஆடி, டிராப்பால் எதிராளியை ஓடவிடுபவர்களுக்கு இது ஆயுதம். பூச்சு தேய்ந்ததும் அந்தப் பலன் போய்விடும், குறுக்கு நரம்பு மெல்லியது என்பதால் தவறான அடியில் அறவும் செய்யும். அடிக்கும் ஷட்டிலில் பாதி தட்டையான டிரைவ் என்றால் இதற்குக் கொடுக்கும் பணம் வீண்.

நானோஜி 95 (0.69) பிஜி 65ஐவிடச் சற்றுத் துடிப்பானது, உழைப்பில் குறையாதது. நானோஜி 98 (0.66) அல்டிமேக்ஸ் பக்கம் சாயும். யோனெக்ஸுக்கு வெளியே விக்டர் விபிஎஸ்-66 நானோ (0.66), லி-நிங் நம்பர் 1 (0.65) இரண்டும் மெல்லிய, துள்ளும் வகை. அல்டிமேக்ஸ் பிடித்தவர்கள் தயங்காமல் முயலலாம். அவ்வளவு மெல்லியது வேண்டாம் என்பவருக்கு லி-நிங் நம்பர் 7 (0.70) இருக்கிறது.

செலவுக் கணக்கில் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பாக்கெட்டின் விலையோடு கூலியும் இருக்கிறது, கூலி எந்த நரம்புக்கும் ஒன்றுதான். ஆக, பாதி நாளில் அறும் நரம்பு போட்டால் நரம்பின் விலை மட்டுமல்ல, கூலியும் இருமடங்காகும். நரம்புகளை ஒப்பிடும்போது ‘பாக்கெட் எவ்வளவு’ என்று பார்க்காமல், விலையையும் கூலியையும் கூட்டி, அது நன்றாக ஓடிய வாரங்களால் வகுத்துப் பாருங்கள். நீங்கள் நடுவில் அடிப்பவரா ஓரத்தில் அடிப்பவரா என்பதைப் பொறுத்து விடை தலைகீழாக மாறும்.

விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது போலியாகவே இருக்கும். ஒரு பாக்கெட்டில் 10 மீட்டர். 200 மீட்டர் ரீலும் வருகிறது, அதில் 20 ராக்கெட் போடலாம். ரீலில் இருந்து வெட்டிப் போடுவது தப்பில்லை, நம்பிக்கையான இடமாக இருந்தால் மலிவும்கூட. அறிமுகம் இல்லாத கடையில் பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள்.

யார் போடுகிறார், எதில் போடுகிறார்

இது நரம்பின் பெயரைவிட முக்கியம். சிறு ஊர்களில் இன்னும் மெஷின் இல்லாமல், கையால் இழுத்து ஊசி செருகிப் போடுகிறார்கள். அங்கே 24 என்று சொன்னால் கிடைப்பது அவர் கைப்பழக்கத்தின் 24. ஒரு நரம்புக்கும் அடுத்ததுக்கும் சமம் இருக்காது, பிரேமும் கோணும். சும்மா பொழுதுபோக்க வைத்திருக்கும் ராக்கெட்டுக்கு அது போதும். நல்ல ராக்கெட்டைக் கொடுக்காதீர்கள்.

மெஷின்களிலும் இரண்டு வழி உண்டு. எலக்ட்ரானிக் மெஷின், கிளாம்ப் (நரம்பைப் பிடித்துவைக்கும் கவ்வி) பிடிக்கும்வரை அதே விசையில் இழுத்துக்கொண்டே இருக்கும். எடை தொங்கும் வகையும், தண்டு கிடைமட்டமாக இருக்கும்வரை, அப்படியே. கைப்பிடி சுற்றும் வகையோ சொன்ன பவுண்ட் வந்ததும் பூட்டிக்கொள்ளும். பூட்டியபின் நரம்பு மெல்ல நீள்வதால் இழுவை இறங்கும். அதனால் ஒரே 25 பவுண்ட் இரண்டு கடைகளில் 1, 2 பவுண்ட் வேறாக வரும். கடை மாறினால் பழைய எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். ஒருமுறை போட்டு ஆடிப்பார்த்து எண்ணைச் சரிசெய்யுங்கள். நல்ல கை கிடைத்தால் அவரிடமே தொடர்வது எல்லாவற்றிலும் சிறந்தது.

குறுக்கு நரம்பை நேர் நரம்பைவிட 1 அல்லது 2 பவுண்ட் கூட்டிப் போடுவது வழக்கம். நேர் நரம்பு இழுத்ததும் பிரேம் நீளத்தில் குறுகிப் பக்கவாட்டில் விரியும். குறுக்கு நரம்பு அதை உள்ளே இழுத்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அது நேர் நரம்புகளுக்கு மேலும் கீழுமாகப் பின்னிப் போவதால் உராய்விலும் கொஞ்சம் இழப்பு. ஆகவே ‘24’ என்று மட்டும் சொல்லாமல் ‘நேர் 24, குறுக்கு 26’ என்று சொல்லுங்கள்.

இரண்டு முடிச்சா நான்கு முடிச்சா என்ற விவாதத்துக்குப் பெரிய இடம் இல்லை. ஒரே நரம்பில் முழுதும் போட்டால் இரண்டு முடிச்சு, நேரையும் குறுக்கையும் தனித்தனி நரம்பில் போட்டால் நான்கு. ஏரோபைட் போன்ற கலப்புக்கு நான்கு கட்டாயம். மற்றதற்கு ஸ்டிரிங் போடுபவர் எதில் தேர்ந்தவரோ அது.

ராக்கெட்டைத் திரும்ப வாங்கும்போது மூன்று இடங்களைப் பாருங்கள். குறுக்கு நரம்பு ஒன்றைக்கூட விடாமல் மேல், கீழ், மேல், கீழ் என்று மாறிப் போகிறதா? இரண்டு நேர் நரம்புகளுக்கு மேலாகத் தொடர்ந்து போயிருந்தால் பின்னல் தவறு. பிரேமின் வடிவம் அதே மாடலின் இன்னொன்றோடு ஒத்துப்போகிறதா? நுனிப் பக்கத்தில் கிராமெட் (நரம்பு நுழையும் துளையில் உள்ள பிளாஸ்டிக் குழல்) எதுவும் பிளந்திருக்கிறதா? பிளந்த கிராமெட்டை மாற்றாமல் போட்டால் நரம்பு கார்பன் துளையின் விளிம்பில் உரசி அங்கேயே அறும். மெல்லிய நரம்பென்றால் பிரேமையே அறுத்து இறங்கும்.

எப்போது மாற்றுவது

மெஷினில் 26 போட்ட நரம்பு மறுநாள் 26 அல்ல. முதல் 24 மணி நேரத்திலேயே ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கிவிடும், பிறகு மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். முன்கூட்டி இழுத்து நீட்டிப் போடச் சொன்னால் இந்த முதல் சரிவு குறையும், துள்ளலும் ஒரு துளி குறையும். முக்கியமான போட்டி என்றால் இரண்டு நாள் முன்பே போட்டு, ஒரு மணி நேரமாவது ஆடிவிட்டுப் போங்கள்.

எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்க ஒரு வழி உண்டு. நரம்பைத் தட்டினால் வரும் ஓசையின் அதிர்வெண்ணை அளக்கும் செயலிகள் போனில் இருக்கின்றன. போட்ட மறுநாள் ஒருமுறை தட்டி எண்ணைக் குறித்துவையுங்கள். அதிர்வெண் இழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் ஓசை 5 சதவீதம் இறங்கினால் இழுவை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஓசை 10 சதவீதம் இறங்கினால் இழுவை 19 சதவீதம் போய்விட்டது, மாற்றும் நேரம். செயலி காட்டும் பவுண்டை நம்ப வேண்டாம், ஒரே ராக்கெட்டில் ஒரே நரம்பில் நாளுக்கு நாள் வரும் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். தடிமன் வேறான இரண்டு நரம்புகளை இதை வைத்து ஒப்பிடவும் முடியாது.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு. நடுவில் நேர் நரம்பின்மேல் குறுக்கு நரம்பு அறுத்த சிறு பள்ளங்கள் தெரியும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நரம்புகள் இடம் பெயர்ந்து, விரலால் நேராக்க வேண்டியிருக்கும். ஓசை மங்கும். வாரம் மூன்று நாள் ஆடுபவருக்கு, நரம்பு அறாவிட்டாலும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்ல பழக்கம். ஒரு வருடம் கிடந்த 27ஐவிடப் புதிதாகப் போட்ட 23 எல்லா வகையிலும் மேல்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. நைலான் சூட்டில் இளகும், ஈரத்தை உறிஞ்சியும் தளரும். தகரக் கூரை போட்ட அரங்கில் மே மாத மாலையில் நரம்பு தொய்ந்ததுபோலத் தோன்றுவது பிரமை அல்ல. அதற்காக 2 பவுண்ட் கூட்டாதீர்கள், 1 போதும், கூட்டாமலே இருந்தாலும் குற்றமில்லை. வெயிலில் நிற்கும் காருக்குள் ராக்கெட்டை விட்டுப் போவதைத்தான் நிறுத்த வேண்டும். அந்தச் சூட்டில் நரம்பு சீக்கிரம் தளர்ந்துவிடும்.

அறுந்த இடம் சொல்வது

நடுவில் அறுந்தால் இயல்பான தேய்மானம். நீங்கள் சரியான இடத்தில் அடிக்கிறீர்கள். நுனிப் பக்கம் பிரேமை ஒட்டி அறுந்தால் தவறான அடி. அங்கே நரம்பின் நீளம் குறைவு, நீள்வதற்கு இடமில்லாமல் வெட்டுப்பட்டதுபோல் அறும். அடிக்கடி அங்கேயே அறுந்தால் நரம்பைக் குறை சொல்லாமல் ஒரு படி தடித்ததற்கு மாறி, 1 பவுண்ட் இறக்கி, ஷட்டிலைக் கொஞ்சம் முன்னால் எடுத்து அடிக்கப் பழகுங்கள். துளையின் வாயில் அறுந்தால் கிராமெட். ஆடாமல் பையில் கிடந்தபோது முடிச்சருகே அறுந்தால் போட்டவரின் கிளாம்போ ஊசியோ காயப்படுத்தியிருக்கிறது. அவரிடம் காட்டிக் கேட்கலாம்.

ஒரு நரம்பு அறுந்ததும் மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டு மறுநாள் கடைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஒரு பக்கம் இழுவை போய், மறுபக்கம் 20க்கும் மேற்பட்ட நரம்புகள் இழுத்துக்கொண்டே இருக்கும். பிரேம் அந்தப் பக்கம் கோணும், அதிக டென்ஷனில் உடையவும் செய்யும். கோர்ட்டை விட்டு இறங்கும் முன்பே வெட்டிவிடுங்கள். கத்தரியை நடுவில் வைத்து ஒரு நேர், ஒரு குறுக்கு என்று மாற்றி மாற்றி, நடுவிலிருந்து நான்கு பக்கமும் வெளியே நகர்ந்து வெட்ட வேண்டும். நேர் எல்லாவற்றையும் முதலில் வெட்டிவிட்டுக் குறுக்குக்குப் போனால், வெட்டும்போதே பிரேம் நெளியும். பையில் ஒரு சிறு கத்தரியும், கடைசியாகப் போட்ட நரம்பின் பெயர், நேர்–குறுக்கு பவுண்ட், தேதி எழுதிய ஒரு துண்டுச் சீட்டும் இருந்தால், அடுத்த முறை மேசையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் கூட ஆடுபவரைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது.